காலைக் கீழே இறக்குங்க

காலைத் தூக்கி மேலே வையுங்கள் சார். என்னைப் பார்த்ததும் எதற்கு இறக்கினீர்கள்? நான் என்ன கலெக்டரா? இந்தப் பெஞ்சு மேலேயே நீட்டுங்கள். என் மடியில் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். புதுக் கட்டு. விரலெல்லாம் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது, இறக்கித் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சம்சாரம் மருந்து வாங்கப் போயிருக்கிறார்களா? சரி. வரட்டும். வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுங்கள். இங்கே பெஞ்சைத் தவிர வேறொன்றும் இல்லை.

உள்ளே அந்தப் பிசியோதெரபிப் பெண் சொன்னாளா இல்லையா? பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். சொல்லியிருப்பாள். எல்லோருக்கும் சொல்வாள். பாதம் நெஞ்சை விட உசரமாக இருக்கணும். தலையணை அடுக்கி அதன்மேல் வைக்கணும். விரலை ஆட்டிக்கொண்டே இருக்கணும். ஊன்றக் கூடாது. கட்டுக்குள்ளே குச்சி விட்டுச் சொறியக் கூடாது. விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், உடனே ஓடிவரணும். நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். நானும் ஆட்டினேன்.

ஆட்டிவிட்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இங்கே உட்கார்ந்து வேறென்ன செய்ய.

நான் கண்டக்டர். ரிட்டயர்டு. பேர் மாரப்பன். ராசிபுரம் திருச்செங்கோடு ரூட்டில் கேளுங்கள், தெரியாதவன் கிடையாது. நல்ல பேர் என்று சொல்லவில்லை. தெரியும் என்றுதான் சொன்னேன். சில்லறை பாக்கி வைக்கமாட்டேன், பேச்சு வைத்துக்கொள்ளமாட்டேன். எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. எதிர் சீட்டு மேலே காலைத் தூக்கிப் போடுகிறவன். கம்பியில் காசால் தட்டுவேன். "காலைக் கீழே இறக்குய்யா, மனுசன் உக்கார்ற எடம்." அவ்வளவுதான். எவனாக இருந்தாலும் இறக்கிவிடுவான். ஒருதரம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, கால் வீங்கியிருக்குங்க அண்ணா என்றாள். அவளையும் இறக்கச் சொன்னேன். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தானே.

சரி, கால் எப்படி உடைந்தது என்கிறீர்கள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது. ஊருக்கு அப்படித்தான் சொன்னேன். நீங்கள் வேற்றாள், உங்களிடம் என்ன. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ரிட்டயர்டு ஆனவனுக்குப் பாஸ் உண்டு. பஸ் இன்னும் நிற்கவில்லை. புது கண்டக்டர், "பெரியவரே, நின்ன பொறவு எறங்குங்க" என்றான். என்னிடம். அந்த வார்த்தையை அந்த ரூட்டில் சொல்லிச் சொல்லித் தேய்த்தவனே நான்தான். அவனுக்குக் காட்டலாம் என்று இறங்கினேன். காட்டினேன். கணுக்கால் இரண்டு பக்கமும் போய்விட்டது. தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள்.

அப்போது ஐப்பசி. தை மாதம் என் மகள் சுகந்திக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். ரொம்ப நாள் தள்ளிப்போன கல்யாணம். மண்டபத்து வாசலில் நான் நின்று மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டு வரவேற்கணும். பெண்ணைப் பெற்றவன் நிற்காமல் யார் நிற்பது? எனக்கு அது ஒன்றுதான் மனதில். டாக்டரைக் கேட்டேன். அவர் பேசுவதே கம்மி, என்னைப் போல. "வீக்கம் வடியணும், தையல் ஆறணும். சொன்னபடி கேட்டா தையில நிப்பீங்க. கேக்கலைன்னா என்னைக் கேக்காதீங்க." போய்விட்டார்.

மீதியைப் பெனிட்டா சொன்னாள். படம் காட்டிச் சொன்னாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி வயசுப் பெண் எனக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுக்கிறாள். முடித்துவிட்டு, "தாத்தா, இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க" என்கிறாள். ஒன்றாம் வகுப்பு மாதிரி. எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி பாவாயி கடகடவென்று ஒப்பித்தாள். ஒன்று விடவில்லை. எத்தனை தலையணை, எந்தப் பக்கம் உயரம், எல்லாம். பெனிட்டா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "காலு ஒடஞ்சது எனக்கா, இவளுக்கா" என்று கேட்டேன். பாவாயி மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டாள். அவள் எப்போதும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

வீட்டுக்கு வந்தால் கட்டில் வம்பு. எங்கள் வீட்டில் ஆள் படுக்கிற மாதிரி இருப்பது ஒரே அறை. வடக்கே தலை வைக்க முடியாது. கிழக்குச் சுவரில் சாமி படம், அந்தப் பக்கம் காலை நீட்ட முடியாது. மிச்சம் இருந்தது வாசல் பக்கம். பாவாயி தலையணை அடுக்கி, அதன்மேல் என் காலை எடுத்து வைத்தாள். பீரங்கி மாதிரி வாசலைப் பார்த்து நின்றது. படியேறி உள்ளே வருகிற எவனுக்கும் முதல் தரிசனம் என் பாதம். அப்புறம்தான் முகம்.

இதை எப்படி சார் வைத்துக்கொண்டு படுத்திருப்பது? சொல்லுங்கள்.

விழுந்தவனைப் பார்க்க ஊரே வரும், உங்களுக்குத் தெரியும். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி. ஒருத்தர் போனால் ஒருத்தர். செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் எனக்குக் கால் தானாக இறங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே போட்டு, வேட்டியால் மூடிக்கொள்வேன். அவர்கள் போனதும் பாவாயி வந்து மறுபடி எடுத்து வைப்பாள். மறுபடி செருப்புச் சத்தம். நான் மறுபடி இறக்குவேன். டெப்போவிலிருந்து பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்தன் மட்டும் சத்தமில்லாமல் முந்தி வந்துவிட்டான். என் காலைப் பார்த்தான். கதவுக் கம்பியில் காசால் தட்டினான். "காலைக் கீழ எறக்குய்யா, மனுசன் உக்கார்ற எடம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறக்கிவிட்டேன். வேறென்ன செய்ய.

எல்லோருக்கும் இறக்கினேன். சொசைட்டிக்காரருக்கு, ஜோசியருக்கு, கேபிள்காரனுக்குக் கூட. பாவாயிக்கு இறக்கினேனா என்று கேட்காதீர்கள். அவள் நம் ஆள். கட்டுப் பிரிப்பவள், பெட்பேன் வைப்பவள். அவளிடம் என்ன மரியாதை? அவள் முகத்துக்கு நேரேதான் பாதி நாள் கால் இருந்தது.

பிறகு சம்பந்தி வந்தார். பொங்கியண்ணன் என்று பேர். வெல்ல மண்டி வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர், ஆனால் பேச்சு. காலை இட்லி முடிந்து வந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. கரும்பு, மழை, மண்டபம், சமையல்காரன், மறுபடி கரும்பு. நான் நேராக உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, ஆமாங்க சம்பந்தி, ஆமாங்க சம்பந்தி. உள்ளே கால் அறைகிறது. அம்மி கொத்துகிறவன் உள்ளே உட்கார்ந்து கொத்துகிற மாதிரி. சம்பந்தி முன்னால் எப்படித் தூக்கி வைப்பேன்? பெண்ணைக் கொடுக்கிறவன் பாதத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான் என்று நாளைக்குப் பேச்சு வராதா?

பாவாயி சமையற்கட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, காலைத் தூக்கி வெச்சுக்கறீங்களா" என்றாள். ஒரு பார்வை பார்த்தேன். போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையணையோடு வந்துவிட்டாள். "சம்பந்தி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருங்க, அந்தப் புள்ள அத்தனை சொல்லிச்சு..."

"உனக்கென்ன தெரியும்? போயிக் காப்பி போடு."

சம்பந்தி முன்னால்தான் சொன்னேன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். சம்பந்தி தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து கட்டு ஈரமாக இருந்தது. நான் சொல்லவில்லை. கட்டைப் பிரிக்க வந்தவளை, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அப்புறம் நாற்றம் வந்துவிட்டது. நாற்றத்தை வேட்டியால் மூட முடியுமா? தையல் விட்டுப்போய்ச் சீழ் வைத்துவிட்டது. சுகந்தி ஆட்டோ வைத்து இங்கே கொண்டுவந்து போட்டாள். மறுபடி உள்ளே கொண்டுபோய்த் திறந்து கழுவினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "தை மாசத்தை மறந்துடுங்க" என்றார். சொன்னேனே, பேச்சு கம்மி என்று.

பெனிட்டா வந்தாள். கேட்டாள். "தாத்தா, காலைத் தூக்கி வச்சீங்களா?"

"வெச்சேன்."

"நெசமா?"

"வெச்சேன்கறேன்."

என்னை நம்பாமல் பாவாயியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவள் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் ஏச்சு வாங்கணும். பாவாயி சொன்னாள்: "வெச்சாருங்க. நாள் பூரா வெச்சுத்தான் இருந்தாரு. நான்தான் தலையணையைச் சரியா அடுக்கலையோ என்னமோ."

அடுக்கலையோ என்னமோ என்கிறாள். அவளை மாதிரி அடுக்க முடியாது, சார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஏச்சு அவளுக்குப் போயிற்று. பெனிட்டா சத்தம்தான் போட்டாள், நீளமாக, படத்தையெல்லாம் காட்டி. பாவாயி தலையைக் குனிந்துகொண்டு, சரிங்க, சரிங்க. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. கால் வலி வேறு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு பாவாயி மருந்துக் கவுண்டருக்கு நடந்தாள். பெனிட்டா என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் நடையைப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. திரும்பி என்கிட்ட நடந்து வாங்க."

"என்னங்க?"

"உங்க காலுக்கு என்ன?"

"அவ நடையே அப்படித்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வெகுகாலமாக அப்படித்தான் நடக்கிறாள். வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்து, விந்தி விந்தி. அது அவள் நடை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நடை இல்லையா?

பெனிட்டா என்னைச் சட்டை செய்யவில்லை. அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பாவாயியின் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள். பாவாயிக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. "ஐயோ, காலைத் தொடாதீங்க கண்ணு, விடுங்க விடுங்க" என்கிறாள்.

"இது ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சு கோணலா ஒட்டியிருக்கு. எப்ப விழுந்தீங்க?"

பாவாயி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சுகந்தி கைப்புள்ளைங்க அப்ப. தண்ணிக் கொடத்தோட படியில விழுந்துட்டனுங்க. கட்டுக்காரர் வந்து மூங்கில் வெச்சுக் கட்டுனாரு."

"கட்டு எவ்வளவு நாள் இருந்துச்சு? படுத்தே இருந்தீங்களா?"

பாவாயி சிரித்தாள். அந்தப் பெண் ஏதோ வேடிக்கையாகக் கேட்டுவிட்ட மாதிரி. "நான் படுத்துட்டா சோறு யாருங்க ஆக்கறது?"

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அப்போது டபுள் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன கல்லா? வலிக்குதா என்று கேட்டேன். கேட்டேன் சார். இல்லை என்றாள். இல்லை என்று ஒருத்தி சொன்னால் அதற்குமேல் என்ன செய்ய? தைலம் கூட வாங்கி வந்தேன், திருச்செங்கோட்டிலிருந்து.

போகட்டும். கல்யாணம் நடந்தது. தையிலேயேதான் நடந்தது. அதை யார் தள்ளிப்போடுவது? நான்தான் நிற்கவில்லை. மண்டபத்து வாசலில் எனக்கு ஒரு நாற்காலி, காலுக்கு எதிரே ஒரு நாற்காலி, அதன்மேல் இரண்டு தலையணை. பெனிட்டா உத்தரவு. சுகந்தியிடமே சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த முறை நான் இறக்கினால், தான் மணமேடையிலிருந்து எழுந்து வந்துவிடுவதாகச் சுகந்தி சொல்லிவிட்டாள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வருகிற சனத்தைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னீர் தெளிக்கிற பெண்கள் என் பாதத்தைச் சுற்றிப் போகணும். மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கினார்கள். முன்னால் பொங்கியண்ணன் வருகிறார். என் காலைப் பார்த்தார். நின்றார்.

"ஏனுங்க கண்டக்டரே, காலைக் கீழ எறக்குங்க. மனுசன் உக்கார்ற எடம்."

டெப்போப் பையன்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறான்கள். மண்டபமே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை. அவரும் சிரித்துவிட்டு, குனிந்து காதோடு சொன்னார்: "அன்னைக்கே இப்படி வெச்சிருந்தா இன்னைக்கு நின்னிருப்பீங்களே சம்பந்தி. நீங்க எந்திரிச்சு உக்காந்துட்டீங்க, நான் சட்டுனு கெளம்புனா மருவாதி இல்லைன்னுதான் அத்தனை நேரம் உக்காந்திருந்தனுங்க. பேச்சே இல்லாமப் போயி கரும்பையே மூணு தரம் பேசுனேன்."

ஆமாங்க சம்பந்தி என்றேன்.

அவர்களைக் கும்பிட்டு உள்ளே அழைத்துப் போனது பாவாயி. நாள் முழுக்க அவள்தான். வாசல், பந்தி, மணமேடை, மறுபடி வாசல். உட்கார்ந்திருக்கிறவனுக்கு முகம் தெரியாது சார், கால்கள்தான் தெரியும். மெட்டி போட்டது, மருதாணி வைத்தது, பூட்ஸு போட்டது. அத்தனை காலிலும் ஒரு கால் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்து விழுகிறது. விழுந்து, நின்று, அடுத்தது வருகிறது. வேண்டாமென்று அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பின பக்கமும் அதே கால் வந்தது.

என் கால் எப்போதோ சரியாகிவிட்டது. பாருங்கள், நன்றாகத்தான் நடக்கிறேன். இன்றைக்கு வந்தது எனக்கில்லை. உள்ளே பயிற்சி செய்துகொண்டிருப்பது பாவாயி. கல்யாணம் முடிந்ததும் நான்தான் முதல்தரம் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்றாள், சத்தம் போட்டுக் கூட்டிவந்தேன். நேராக்க முடியாது என்றுவிட்டார் டாக்டர். காலம் கடந்துவிட்டது. பயிற்சி செய்தால் வலி குறையும், சாயங்காலம் வீங்குகிறது இல்லையா, அதற்கு மத்தியானம் அரைமணி நேரமாவது படுத்துக் காலை உயர்த்தி வைக்கணும் என்றார். வலி உண்டா என்று அவர் கேட்டபோது, தினமும் உண்டுங்க என்றாள். தினமும். என்னிடம் இல்லை என்றவள்.

பெனிட்டா என்னைப் பார்த்து, "தாத்தா, இப்ப நான் சொன்னதை நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆனால் எங்கே வைக்கிறாள்? அதே கட்டில்தான், அதே வாசல் பக்கம்தான். தலையணையை நானே அடுக்கினேன். கோணல்மாணலாகத்தான் வரும், அடுக்கினேன். படுத்தாள். வைத்தாள். நான் வெளியே போய்த் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் சடக்கென்று இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். சேலையை இழுத்து மூடிக்கொள்கிறாள். எதுக்குடி எறக்கற என்று கத்தினேன். "எப்படிங்க, நீங்க வரையில" என்கிறாள். கத்தினால் இன்னும் சீக்கிரம் இறக்குகிறாள்.

மூங்கில் கட்டோடு இருந்தபோதும் அப்படித்தான் செய்தாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். ஸ்டூல் மேலே காலைப் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டு எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பார்த்தேன். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் வீட்டில் இருப்பதில்லை. எதிரே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். வெயில்தான். போகிறவன் வருகிறவன், வீட்டில் சண்டையா கண்டக்டரே என்கிறான். ஆமாம் என்கிறேன். போன வாரம் ஒருநாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி வந்து வாசலை ஒட்டிய ஜன்னல் வழியே பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். கால் தலையணை மேலே. பாதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து, வெடித்து, கறுத்துக் காய்த்துப்போய், உள்பக்கம் பச்சைப் பிள்ளைப் பாதம் மாதிரி. ஊன்றவேயில்லை அந்தப் பக்கத்தை.

இத்தனை காலத்தில் அந்தப் பாதத்தை நான் பார்த்ததே கிடையாது சார். மறுபடி கல்லுக்கே போய்விட்டேன்.

கதவு திறக்கிறது. அவள்தான், அந்த நீலச் சேலை. கல்லு விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள். கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எதற்கு எழுகிறீர்கள்? அவள் யாரோ, நீங்கள் யாரோ. இறக்காதீர்கள் என்றேனே. அப்படியே இருக்கட்டும். அவளும் பார்க்கட்டும்.